கிளாவரைக்குப் போகும் இணைப்பு

நான் அரை நிமிடத்தில் திருத்திய ஒரு வரியால் கிளாவரை என்ற ஊரில் ஒருவருடைய உருளைக்கிழங்குச் செடிகள் கருகின. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். முதலில் தன் பெருமையைப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

எனக்கு மன்னவனூர். கல்யாணமாகி வந்த மலை ஊர். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கேரட்டும் பூண்டும் போடுகிறார். வந்த புதிதில் நானும் தோட்டத்தில் இறங்கிக் களை எடுத்தேன். நான் பிடுங்கிப் போட்ட குவியலில் பாதி கேரட் நாற்று என்று அவர் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் வர வேண்டாம், வீட்டில் இரு என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவள் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். இந்த வேலைக்குள் வந்தது அப்படித்தான்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள் உலகத்தில் ஏராளம். நான் பிடித்துக்கொண்டது வானிலைப் பெட்டிகளுக்கான ஒன்று. தோட்டத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயரில் ஒரு சென்சார். குளிர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், பட்டியலில் இருக்கிற போன்களையெல்லாம் பெட்டியே கூப்பிடும். உறைபனி விழப்போகிறது, எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் தெளி என்று அர்த்தம். பனி விழும் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி கிடையாது, வீட்டுக்காரர் பெட்டியை நம்புகிற ஆள் இல்லை.

அந்த மென்பொருளுக்குப் பக்கம் பக்கமாக ஒரு கையேடு உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுநடுவே நீல எழுத்தில் இணைப்புகள் இருக்கும். வாசிக்கிறவருக்கு நீல எழுத்துத்தான் தெரியும். உள்ளே, மூலத்தில், அது வேறு மாதிரி இருக்கும். இரண்டு சாய்ந்த குறிகளுக்கு நடுவே, போக வேண்டிய பகுதியின் பெயர். ஒவ்வொரு பகுதியின் தலையிலும், வாசிக்கிறவர் கண்ணில் படாமல், இப்படி ஒரு பெயர் எழுதி வைத்திருப்பார்கள். குறிகளில் ஒன்று விட்டுப்போனாலும், அந்தப் பெயரில் பகுதியே இல்லாமல் போனாலும் இணைப்பு அறுந்துவிடும். நீல எழுத்து வர வேண்டிய இடத்தில் குறியும் புள்ளியும் அப்படியே பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அறுந்த இணைப்புகளைத் தேடிப் பிடித்து ஒட்டுவதுதான் என் வேலை.

"என்ன சோலி அது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். "யாருக்கு இது?" என்றார். தெரியாது என்றேன். "ஆரு எவருன்னே தெரியாதவுகளுக்கு இம்புட்டு நேரமா?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் கேட்டதில் தப்பில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கோபம் வந்ததற்குக் காரணம், அந்தக் கையேட்டைப் பார்த்து நான் ஏற்கெனவே அசந்துபோயிருந்ததுதான். ஒரு மத்தியானம் சும்மா இணைப்பு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனேன். மழை அளக்கும் பக்கத்திலிருந்து காற்று, காற்றிலிருந்து பாட்டரி, பாட்டரியிலிருந்து பனி. ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிய கை வேறு. ஒருவர் நீளமாக எழுதுகிறார், ஒருவர் வெடுக்கென்று எழுதுகிறார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவர் ‘அங்கே போய்ப் பாருங்கள்’ என்று எழுதுகிறார், அங்கே போனால் இன்னொருவர் சொல்லி வைத்திருக்கிறார். எத்தனை ஊரிலிருந்து எத்தனை பேர்! அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

ஆடி மாதக் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த நாட்களில், அறுந்த இணைப்புகளின் பட்டியல் குறைந்து குறைந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ‘பள்ளமான நிலத்தில் சென்சார் வைக்கிறவர்கள் இந்தப் பகுதியைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி. அது காட்டிய பெயரில் கையேட்டில் எந்தப் பகுதியும் இல்லை. எழுதுவதாக இருந்து எழுதாமல் விட்டார்களோ, எழுதியதை எடுத்துவிட்டார்களோ. நன்றாகத் தேடினேன், அகப்படவில்லை. பக்கத்திலேயே ‘சென்சாரைப் பொருத்துவது எப்படி’ என்று ஒரு பொதுவான பகுதி இருந்தது. அதன் பெயரை எடுத்துக் குறிகளுக்கு நடுவே போட்டேன். இணைப்புகளைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை என்றது. கையேட்டைக் கவனித்துக்கொள்கிறவர், எந்த நாட்டுக்காரர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். அன்று சாயங்காலம் நான் கேசரி கிண்டினேன்.

எங்கள் மலையில் வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்கிற வழக்கம் கிடையாது. அது மரியாதை இல்லை. ஏதோ அருவியைத் தேடி வந்த காரை வீட்டுக்காரர் ஒருமுறை ஆட்டுப்பண்ணைப் பக்கம் கைகாட்டி அனுப்பினார். அருவி எங்கே என்று அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. கார் திரும்பி வந்தபோது அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். "பண்ணையில ஆளுக இருப்பாக, கேட்டுக்கிடுவாகன்னு பாத்தேன்" என்றார். இதில் ஒரு நியாயம் உண்டு. மேகம் இறங்கினால் எதிரே நிற்கிற மாடு தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆளை ரோட்டில் நிற்க விடுவதைவிட, வீடு இருக்கும் திசையில் அனுப்புவது நல்லது. அங்கே யாராவது சரியாகச் சொல்லிவிடுவார்கள். நான் அந்த இணைப்புக்குச் செய்தது இதையேதான். ஆனால் கையேட்டில் அடுத்த பக்கத்துக்குப் போனால் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் இல்லை. அது என் மண்டையில் ஏறவில்லை.

தை மாதம் பிறந்து குளிர் இறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், குறைகளை எழுதிப் போடும் பக்கத்தில் ஒரு புதுக் கடிதம் இருந்தது. உடைந்த ஆங்கிலம். எழுதியவர் சொன்னது இவ்வளவுதான்: கையேட்டில் சொன்னபடி சென்சாரை மாற்றி வைத்தேன். இரண்டு தடவை பனி விழுந்தது, இரண்டு தடவையும் போன் அடிக்கவில்லை. கொழுந்தனாருடைய உருளைக்கிழங்கு கருகிவிட்டது. குளிர் இன்னும் விடவில்லை, அடுத்த பனி எந்நேரமும் விழலாம். நான் செய்த தப்பு என்னவென்று தயவுசெய்து சொல்லவும்.

எந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்தார் என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று காட்டும் வசதி உண்டு. அதைத் தட்டினால் என் பெயர் நின்றது. நான் அனுப்பிய பொதுப் பகுதி, சென்சாரைக் கூரைக்கு மேலே உயரக் கம்பத்தில் கட்டச் சொல்கிறது. காற்றும் மழையும் அளக்க அது சரி. உறைபனிக்கு அது சுத்தத் தப்பு. குளிர் பள்ளத்தில்தான் தேங்கும். மேலே கம்பத்தில் அவ்வளவு குளிர் இல்லாதபோதே கீழே இலை உறைந்துவிடும். மலையில் வாழ்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். நான் அந்தப் பகுதியைப் படித்துக்கூடப் பார்க்காமல் பெயரை மட்டும் எடுத்துப் போட்டிருந்தேன்.

கடிதத்தோடு பெட்டியின் பதிவேட்டையும் இணைத்திருந்தார். திறந்தேன். முதல் வரியில் பெட்டிக்கு வைத்த பெயர், ஆங்கில எழுத்தில்: கிளாவரை மேல்தோட்டம்.

உலகத்தில் எங்கேயோ இருக்கும் யாருக்கோ என்று நான் செய்த வேலை, நாங்கள் பஸ் ஏறிப் போகிற ரோட்டின் கடைசி ஊரில் போய் விழுந்திருக்கிறது. பயமும் அவமானமும் ஒருபக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு பெரிய ஆச்சரியம். படிக்கிறார்கள். நிஜமாகவே ஒருவர் படிக்கிறார். படித்ததை நம்பி, எழுந்து போய், கம்பம் நடுகிறார்.

‘தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது, சென்சாரை உடனே இலை உயரத்துக்கு இறக்குங்கள்’ என்று பதில் எழுதிப் போட்டேன். ஆனால் அதை அவர் எப்போது பார்ப்பார் என்று யார் கண்டது? வானம் ஒரு மேகமில்லாமல் கழுவி விட்ட மாதிரி இருந்தது. இப்படி இருந்தால் மறுநாள் விடியும்போது பனி நிச்சயம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "வெரசா கெளம்பு, பஸ்ச விட்டுறாத" என்றார். ராத்திரி அங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்று அவரே ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்து வைத்தார்.

கவுஞ்சி, போளூர் தாண்டிக் கிளாவரையில் இறங்கினேன். அதற்கு மேல் பஸ் போகாது. டீக்கடையில் நின்றவரிடம், பனிக்குப் பெட்டி வைத்திருக்கிறவர் வீடு எது என்று கேட்டேன். "மேல போங்க, அங்கிட்டு ஆளு இருப்பாக" என்றார். மேலே இருந்தவர் பக்கவாட்டில் கை காட்டினார். மூன்றாவது ஆள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்.

கடிதம் எழுதிய அக்கா பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இந்த ஊருக்கு வாக்கப்பட்டவர். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வைத்துவிட்டுப் போன பெட்டி அது, அவர்கள் பிறகு வரவில்லை, இவர்தான் மூன்று வருடமாக ஓட்டுகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் போன உடனே விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"அக்கா, நீங்க இங்கிலீசுல எழுதிப் போட்டீங்கள்ல, சென்சாரப் பத்தி. அதுக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்."

"அது வெளிநாட்டுக்காரவுகளுக்குல்ல எழுதுனேன்? நீங்க எங்கிட்டு இருந்து வாரீங்க?"

"மன்னவனூருங்க. அந்தப் பக்கத்துல இருந்த வரிய மாத்துனது நான்தான். உங்கள தப்பான எடத்துக்கு அனுப்பிட்டேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நான் மொதல்ல சரியாத்தான் வச்சிருந்தேன்" என்றார். "உருளை படுத்துக் கெடக்குற உசரத்துலதான பனி விழுகுது, அங்கனதான வைக்கணும்னு வரப்போரத்துல முட்டிக்குக் கீழ கட்டியிருந்தேன். போன வருசம் ஒரு நாளு தப்பல. படிச்சவுக எழுதுனத ஒருக்கா பாத்துச் சரியா செஞ்சிருவோம்னு பாத்தேன். கம்பத்துல ஏத்தச் சொல்லியிருந்துச்சு. நம்மதான் தப்பா வச்சிருக்கோம்னு நெனச்சு ஏத்திட்டேன். நல்லா இருந்தத மாத்த வச்சிட்டீங்களே!"

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்று கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்து அவர் எழுந்து உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். "குடிங்க. வெயிலு எறங்குறதுக்குள்ள கழட்டிருவோம்" என்றார்.

நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஏறிக் கழற்றினார். தோட்டத்தின் ஆகத் தாழ்ந்த பாத்தியில் ஒரு குச்சி நட்டு, இலை உயரத்தில் சென்சாரைக் கட்டினோம். உருளை பூவெடுத்திருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், இன்னும் பள்ளத்தில், கொழுந்தனாருடைய செடிகள் வெந்நீர் ஊற்றிய மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தன. கொழுந்தனார் வரப்பில் வந்து நின்றார். தன் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். மேல் பக்கம் அவருக்கு இன்னும் ஒரு துண்டு மிச்சமிருந்தது. "இன்னைக்கும் கூப்பிடலன்னா இந்தப் பெட்டி அடுப்புக்குத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஒயரை மண்ணில் புதைத்தார். வருகிற விடியலில் பெட்டி கூப்பிடாவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் சொல்லைக் கேட்டு ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

விடிகாலைக் கருக்கலில் அக்காவின் போன் அடித்தது. நான் முழித்துத்தான் படுத்திருந்தேன். இருவரும் வெளியே ஓடி வந்தோம். பனி விழும் நாளில் வானம் தெளிவாக இருக்கும், சிக்னலும் நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு போன் அடித்தது. அது நிற்பதற்குள் கீழே ஒன்று. பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று. அடிக்க அடிக்க விளக்கு எரிந்தது. யாரோ இருமினார்கள், யாரோ மோட்டாரைப் போட்டார்கள், தண்ணீர் தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகச் சீறத் தொடங்கின. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு சின்னக் குச்சியில் கட்டிய சென்சாரும், எங்கெங்கோ இருக்கிற யார் யாரோ எழுதிய நிரலும் சேர்ந்து ஒரு மலைச்சரிவையே எழுப்பிக்கொண்டிருந்தன. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

கொழுந்தனாரின் போன் அடிக்கவில்லை. ஆனால் ஊரே அடித்ததில் அவரும் எழுந்து வந்துவிட்டார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மேல் துண்டுக்கு ஓடி வால்வைத் திறந்தார். வெயில் வந்தபோது புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாக இருந்தது, உருளை இலைகள் சொட்டச் சொட்டப் பச்சையாக நின்றன. முதல் பஸ்ஸுக்கு நான் புறப்பட்டபோது அவர் வாசலில் நின்று, "மதினி, நம்ம நம்பரையும் போட்டு விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இணைப்பை எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில், பள்ளமான நிலம் பற்றி இந்தக் கையேட்டில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை என்று எழுதினேன். வாசலில் வந்து வழி கேட்டவர் முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. நடந்ததையும் முழுதாக எழுதினேன். கையேட்டைக் கவனிக்கிறவர், படிக்காமல் ஏற்றுக்கொண்டது தானும்தான் என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு நான் அதுவரை ஒட்டிய இணைப்புகள் ஒவ்வொன்றையும் திறந்து, போய்ச் சேர்கிற பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். இன்னும் சிலவற்றையும் இப்படி ஆட்டுப்பண்ணைக்கு அனுப்பி வைத்திருந்தேன். பங்குனி முடியும்வரை அந்த வேலை இழுத்தது.

இல்லாத அந்தப் பகுதியைக் கிளாவரை அக்காவே எழுதினார். போனில் அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். எந்தப் பாத்தியில் வைப்பது, இலைக்கு எவ்வளவு பக்கத்தில், காட்டுப்பன்றி ஒயரைக் கடித்துப் போடாமல் எப்படிப் புதைப்பது. பகுதியின் தலையில் ஒரு பெயர் வைக்க வேண்டுமே, வாசிக்கிறவர் கண்ணில் படாத அந்தப் பெயர். ஆங்கில எழுத்தில் ‘கிளாவரை’ என்று வைத்தேன். எடுத்துவிட்ட பழைய இணைப்பைத் திரும்பப் போட்டு, அதன் குறிகளுக்கு நடுவே அதையே எழுதினேன்.

சமீபத்தில் கையேட்டுக்குள் போனபோது, வேறு ஐந்தாறு பக்கங்களிலிருந்தும் அந்தப் பகுதிக்கு இணைப்பு வந்திருந்தது. நான் போட்டவை இல்லை. ஆப்பிள் தோட்டத்துக்காரர் ஒருவர், திராட்சை போடுகிற ஒருவர், என் வாயில் நுழையாத பெயர்களில் யார் யாரோ. இணைப்புப் போட வேண்டுமென்றால் அந்தப் பெயரை எழுத்து விடாமல் அடித்துத்தான் ஆக வேண்டும். பஸ்ஸுக்குக் கடைசி ஊரான கிளாவரையின் பெயரை, அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாதவர்கள், இரண்டு சாய்ந்த குறிகளுக்கு நடுவே சரியாக அடித்திருந்தார்கள். நான் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

உடனே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தோட்டத்தில் இருந்தார், பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அவுக ஊருலயும் பனி விழுகுதா?" என்று கேட்டார்.

"விழுகுதுங்க. அதுக்குத்தான உங்க பக்கத்தப் பாக்குறாக."

அவர் தண்ணீரை நிறுத்துவது கேட்டது. பிறகு, "செடி தப்பிச்சுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.